சுவருக்கு அந்தப் பக்கம்

நவம்பர் 3

இன்றும் அலுவலகத்தில் என் வாயிலிருந்து வந்தது "சரிங்க" மட்டும்தான்.

ஊரிலிருந்து பக்கத்து வீட்டு மட்சுனோ அக்கா கூப்பிட்டாள். "உங்கப்பா நேத்து குப்பை வண்டி வராத நாள்ல குப்பைய எடுத்துட்டு வந்து நிக்கிறாருடி. மத்தவங்க நாள் தப்பினா சண்டைக்குப் போற மனுஷன்! நீ ஒருநடை வந்து பாரு."

உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். "வெந்நீர் ஊற்று விடுதிக்குச் சொல்லிட்டேன். எப்பவும்போல ரெண்டு பேர்" என்றார். அவரும் அம்மாவும் வருடாவருடம் போகிற இடம். அம்மா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. என்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 14

விடுதிக்கு வந்துவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா தொடங்கிவிட்டார். "எங்க குடும்பத்துலயே காலேஜ் முடிச்சது இவ ஒருத்திதான். வாய மட்டும் அங்கயே வச்சுட்டு வந்துட்டா." விடுதிக்கார தொமொயே அம்மா குனிந்து வணங்கிக்கொண்டே சிரித்தார். "உங்க வாயில பாதியக் குடுங்களேன், ரெண்டு பேருக்கும் சரியாப் போகும்."

அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறார். எந்தப் படி கிறீச்சிடும் என்பது நினைவிருக்கிறது. மலைக்கீரை வறுவலில் உப்பு குறைவு என்றார், குறைவுதான். மட்சுனோ அக்கா எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவள்.

சாப்பாட்டின்போது தொமொயே அம்மா என் அம்மாவைப் பற்றிச் சொன்னார். குளியல் கூடத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உள்ள பலகைச் சுவர் கூரையைத் தொடாது. அப்பா வாளியைத் தட்டி, "கினுயோ! போலாமா?" என்று கத்துவாராம். "வந்துட்டேன்!" என்பாளாம் அம்மா. சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிடம் தண்ணீரிலேயே கிடப்பாளாம். "இத கேக்கறதுக்குன்னே அந்த நேரம் குளிக்க வர்றவங்க உண்டு" என்றார்.

அப்பா சிரித்தார். பிறகு தட்டில் இருந்த மீனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15

மழை. மலை தெரியவில்லை.

அதே நாள், மாலை

இப்போதே எழுதிவிட வேண்டும்.

நான் தண்ணீரில் இருந்தேன். எதிரே இரண்டு பெண்கள் யாரோ ஒரு மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி தட்டும் சத்தம்.

"கினுயோ! போலாமா?"

பேச்சு நின்றது. "யாரும்மா கினுயோ? புருஷன் கூப்பிடறாரு, எழுந்திருங்க" என்று ஒருத்தி சிரித்தாள். இங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். நான் மோவாய்வரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டேன்.

"கினுயோ! காது கேக்கலையா?"

அப்பா, நான்தான் இருக்கேன் — இவ்வளவுதானே சொல்ல வேண்டும்? வாயைத் திறந்தேன். வரவில்லை. வேலைக்கான நேர்காணலிலும் இப்படித்தான். அந்நியர் இரண்டு பேர், அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை — அதற்குக்கூட எனக்குத் துப்பில்லையா?

மூன்றாவது முறை கூப்பிட்ட குரலில் பயம் இருந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வாசல் திரை விலகியது. இடுப்பில் ஈரத்துண்டோடு அப்பா. பெண்கள் அலறினார்கள். ஒரு வாளி உருண்டது. அப்பா யாரையும் பார்க்கவில்லை. ஆவிக்குள் குனிந்து தண்ணீரைத்தான் பார்த்தார், அடிவரைக்கும்.

"பதிலே சொல்லலம்மா... சூட்டுல மயங்கிட்டாளோ என்னமோ. பாத்தீங்களா நீங்க?"

நான் எழுந்தேன். துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பற்றினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை — இவள் யார் என்று ஒரு கணம் யோசித்த பார்வை.

தொமொயே அம்மா ஓடிவந்தார். நடந்ததைப் பார்த்தார். உடனே அந்தப் பெண்களிடம், "திரைய இடம் மாத்திட்டோம்ல, அதான் குழப்பம். எங்க தப்பு, மன்னிச்சுக்கங்க" என்று தரையைத் தொடுகிறமாதிரி குனிந்தார். அலறிய பெண்களும் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். "ஆமாமா, நாங்களே காலையில மாறிப் போகப் பாத்தோம்."

ஆற்றைப் பார்த்த தொட்டி இரு தரப்புக்கும் கிடைக்கட்டும் என்று இங்கே 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதிய வாசல் திரைகளை இடம் மாற்றுவது வழக்கம்தான். ஆனால் அது விடியற்காலையில் நடப்பது. மாலையில் யாரும் மாற்றவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"திரைய மாத்திட்டாங்க" என்றார் அப்பா, நடையில் என் கையை விடாமல்.

"ஆமாப்பா."

நவம்பர் 16

காலைச் சாப்பாடு. அப்பா என் மீனை இழுத்து வைத்து, முள்ளெடுத்து, என் சோற்றின்மேல் வைத்தார். சின்ன வயதில் செய்வதுபோல.

"சிஹோ, நேத்து திரைய மாத்தல, இல்ல?"

"மாத்துனாங்கப்பா."

"ம்." சூப்பை உறிஞ்சிக் குடித்தார். "அவ எப்பவும் பதில் சொல்லிருவா. அதான்."

டிசம்பர் 20

ஊருக்குப் போய் அப்பாவோடு இருப்பதற்காக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். "முன்னாடியே வாயத் திறந்து பேசியிருக்கலாமேம்மா" என்றார் மேலாளர்.

"சரிங்க" என்றேன்.

பிப்ரவரி 9

காலையில் புத்தத் துறவி வந்து அம்மாவின் முதலாண்டு நினைவு மந்திரம் ஓதிவிட்டுப் போனார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கைகூப்பி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். துறவி போன பிறகு, "யாருக்குப் பூசை?" என்று கேட்டார்.

மாலையில் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனோம். மட்சுனோ அக்காவின் கணவர் ஆண்கள் பக்கம் அவரைப் பார்த்துக்கொள்கிறார். இங்கேயும் சுவர் கூரையைத் தொடாது. பெண்கள் பக்கம் நிறையக் கூட்டம், எல்லாம் தெரிந்த முகங்கள்.

வாளிச் சத்தம் கேட்டது.

"கினுயோ! போலாமா?"

ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்காகத்தான் திரும்பாமல் இருந்தார்கள்.

"வந்துட்டேன்!"

என் குரல்தான். கூரையில் மோதி அந்தப் பக்கம் விழுந்தது.

"கேட்டீங்கல்ல, வந்துட்டாளாம்! இன்னும் பத்து நிமிஷம் ஆகும், பாருங்க" என்றார் அப்பா. ஆண்கள் சிரித்தார்கள். நான் எழவில்லை. அம்மாவைப் போலவே தண்ணீரில் கிடந்தேன். முகம் கழுவிக்கொண்டேன், மறுபடி மறுபடி.

வெளியே வந்தபோது அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இரண்டு புட்டி காபிப் பாலோடு. ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றதை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ குடி. அம்மா வந்துருவா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் பெண்கள் பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.