கட்டுமரம் என்று பேர் வாங்கியவளுக்கு

இன்று காலை ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் புதுத் துண்டுத்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். துபாய்க் கடலில் உல்லாசச் சவாரியாம். ஆங்கிலத்தில் கேட்டமரான், ஜெர்மனில் கட்டமரான், இத்தாலியனில் கட்டமரானோ. படத்தில் இரண்டு படகுகளை ஒட்டவைத்தது போல ஒன்று வெள்ளைப் பாய் விரித்து நின்றது. குளச்சல் கரையில் உன் அப்பா கயிறு போட்டுக் கட்டிய மரத்துக்கும் அதற்கும் பேர் ஒன்றுதான் ஒற்றுமை. துண்டுத்தாளை எடுத்தபோது என் மறு கையில் ஒரு மெமோ இருந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. லீவில் ஊருக்குப் போனவளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. முவைலாவில் நாம் தங்கியிருந்த ரூமில் உன் கட்டிலில் வேறொரு நர்ஸ் படுக்கிறாள். நல்ல பெண்தான், சண்டை போடத் தெரியாது. எனக்கு அதற்கே கோபம் வருகிறது.

நீ லீவில் போகும் முன் ஒருநாள் ஆறாம் படுக்கையில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. நீ குனிந்து, "எங்கண்ணே நோவுது?" என்று கேட்டாய். அவர் சொன்னதை நீ டாக்டரிடம் சொல்லப்போய்த்தான் ஆபரேஷன் நடந்தது, ஆள் பிழைத்தார். உனக்குக் கிடைத்தது மெமோ. வார்டில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கூடாதாம்.

"அவருக்கு இங்கிலீஷில் வலிக்கவில்லை மேடம்" என்று இன்சார்ஜிடம் இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாய். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார டாக்டர், பழைய புத்தகங்களாகப் படிக்கிறவர், சிரித்தபடி "கேட்டமரான்!" என்றார். உனக்கு முகமெல்லாம் பூரிப்பு, உன் கடற்கரையை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று. நான் துணி வண்டிக்குப் பின்னால் தலை குனிந்து நின்றேன். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ரூமுக்கு வந்து போனில் அகராதியைப் பார்த்தேன். நம் சொல் கப்பலேறிப் போய் ஐரோப்பா முழுக்கப் படகாகியிருக்கிறது. பழைய இங்கிலீஷில் மட்டும் அதற்குச் சண்டைக்காரி என்றும் ஒரு பொருள். சொல்லின் தொடக்கத்தில் 'கேட்' என்று பூனை சீறுவதுபோல் கேட்டதோ என்னவோ. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நீ கட்டிலில் உருண்டு சிரித்தாய்.

"ஏட்டி, எங்கப்பன் கெட்டுன மரம் சீமைக்குப் போயி சண்டக்காரியாட்டு திரும்பி வந்திருக்கு பாரு! இனி எனக்கு அதான் பேரு."

நேற்று நானும் ஒரு நோயாளியிடம் தமிழில் பேசினேன். அதற்குத்தான் இந்த மெமோ. அடுத்த மாதம் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை ஒருமுறை விட்டுக்கொடுத்தவள் நான், இன்னொருமுறை முடியாது. விளக்கம் எழுதும் கட்டத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் 'கட்டுமரம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது என்ன?" என்றார் இன்சார்ஜ்.

"உங்கள் இங்கிலீஷ் அகராதியிலேயே இருக்கிறது மேடம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் ரூமுக்கு வந்துவிட்டேன்.

மாலை டூட்டிக்குக் கிளம்புகிறேன். ஆறாம் படுக்கையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறாராம். எங்கள் மதுரைப் பக்கம் 'வலிக்குது' என்போம். நான் அவரிடம், "எங்கண்ணே நோவுது?" என்றுதான் கேட்கப் போகிறேன்.