கருடா கேம் சர்வர்ஸின் தொழில்நுட்ப அதிகாரி

விவேக் நகர், பெங்களூர்
12.6.2005

என் அன்பு ஜெயாவுக்கு,

நீயும் மகா குட்டியும் நலமா? அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? போன வாரம் மூன்று தடவை ஆம்பூருக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் மாமா எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் ஆறட்டும். அதுவரை தபால்காரர்தான் நமக்குத் துணை.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். கம்பெனி ஆரம்பித்தாயிற்று. பெயர் கருடா கேம் சர்வர்ஸ். நான், இன்சூரன்ஸ் ரகு, கேசட் கடை தனக்கோடி என்று மூன்று பங்குதாரர்கள். நீ கிளம்பும்போது 'பைத்தியக்காரத்தனம்' என்று சொன்னாயே, ஏற்கெனவே பதினோரு வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள்! ஊரெல்லாம் பிராட்பேண்ட் வந்துவிட்டது. பையன்கள் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒன்றாக விளையாட ஆசைப்படுகிறார்கள். அதற்கு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் அணையாமல் ஓட வேண்டும். அதைத்தான் நாம் வாடகைக்கு விடுகிறோம். பிரிண்டர் விற்று அலைந்த எட்டு வருஷத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உன்னைப் பார்க்காமல் வீடு வீடாகவே இல்லை. மகாவின் சிவப்புச் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் விளையாட்டு திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. எதனால் இருக்கும்? உனக்குத் தெரியாததா!

உன் எத்திராஜ்


ஆம்பூர்
19.6.2005

மகாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டியை விசாரித்ததற்கு நன்றி. அவளுக்கு வலி இடுப்பில்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் ஜோக் அடிக்கிறீர்களா என்று முதல் தடவை சந்தேகமாக இருந்தது. வீட்டில் எந்தப் பிளக் எந்த ஸ்விட்சுக்கு என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. ரகு ஈமெயில் அனுப்பிவிட்டு, வந்ததா என்று போன் செய்து கேட்கிறவர். தனக்கோடி, வாடகைக் கேசட்டைத் திருப்பிச் சுற்றிக் கொடுக்காதவர்களிடம் அபராதம் வாங்கிப் பிழைத்தவர். இந்த மூன்று பேரை நம்பிப் பதினோரு பேர் வந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்காகத்தான் நான் சாமி கும்பிட வேண்டும்.

நான் இன்டர்நெட் கம்பெனியில் ஆறு வருஷம் சர்வர் பார்த்தேன். இரண்டு ஜெனரேட்டர், நாலு ஷிப்டு, அடுக்கடுக்காக ஆட்கள். அப்படியும் நான் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதில்லை. நீங்கள் அதைப் படுக்கையறையில் நடத்துகிறீர்கள். குழந்தை வேர்க்குருவோடு அழுதபோது ஏ.சி. வாங்க வழியில்லை என்றீர்கள். இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் சூடானதும் அடுத்த வாரமே ஏ.சி. வந்தது. மகாவை ஹாலில் படுக்க வைக்கச் சொன்னீர்கள். நான் ஏன் கிளம்பினேன் என்று உங்கள் நண்பர்கள் கேட்டால் இதையே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொடுக்கும் பிராட்பேண்டில் உள்ளே வரும் வேகம் அதிகம், வெளியே போகும் வேகம் சொற்பம். சர்வருக்கு வேண்டியது வெளியே போகும் வேகம். இதுகூடத் தெரியாமல்தான் போர்டு மாட்டியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர்களை, சர்வர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளவே இருக்கும் ஒழுங்கான டேட்டா சென்டரில் கொண்டுபோய் வையுங்கள்.

மகா 'அப்பா எங்கே' என்று கேட்கிறாள். வேலையாக இருக்கிறார் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெயலக்ஷ்மி


விவேக் நகர்
3.8.2005

என் கோபக்கார ஜெயாவுக்கு,

நீ திட்டினாலும் உன் கையெழுத்து அழகுதான். நீ சொன்னபடியே இரண்டு கம்ப்யூட்டரையும் டேட்டா சென்டருக்கு மாற்றிவிட்டோம். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நாற்பத்திரண்டு வாடிக்கையாளர்கள்! 'எத்திராஜ் சார், நீங்க ஜீனியஸ்' என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தத் தொழிலில் இப்போது யார்தான் இறங்குவது என்று விவஸ்தையே இல்லை. இங்கே பக்கத்தில் ஈஜிபுராவில் இரண்டு காலேஜ் பையன்கள், நேற்றுவரை நம்மிடம் வாடகைக்கு எடுத்தவர்கள், சொந்தமாகக் கம்பெனி திறந்துவிட்டார்கள். ஒன்றும் தெரியாது. வெப்சைட்டில் எங்கள் வாசகத்தையே எழுத்துப்பிழையோடு காப்பியடித்திருக்கிறார்கள். இவர்களால் தொழிலுக்கே கெட்ட பெயர். அனுபவம் என்று ஒன்று வேண்டாமா?

நம் வெப்சைட்டும் புதுசாக, ஜோராக இருக்கிறது. நீ பார்த்தால் அசந்துபோவாய்.

ஒரே ஒரு சந்தேகம். ஹார்ட் டிஸ்க் நிறைந்துகொண்டே வருகிறது. எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது?

மகாவுக்கு என் முத்தங்கள்.

உன் எத்திராஜ்


ஆம்பூர்
11.8.2005

மகாவின் அப்பாவுக்கு,

இரண்டு மாத அனுபவசாலி, இரண்டு வார அனுபவசாலிகளைப் பார்த்து முகம் சுளிக்கும் காட்சியை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்தப் பையன்களுக்காவது வயசு இருபது.

எதையும் அழிக்காதீர்கள். புது டிஸ்க் வாங்குங்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். தினமும் எடுங்கள். ரகுவின் கையில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். விளையாடுகிறவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்தது அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. உங்களுக்கு அது நிறைந்துபோன டிஸ்க். அவர்களுக்கு அப்படியில்லை.

ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் மகாவுக்கு ஒரு வரி, சர்வருக்கு ஒரு பக்கம். எனக்கு என்று இருப்பதெல்லாம் சந்தேகங்கள்தான். இருந்தாலும் பதில் எழுதுகிறேன். ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

அப்பா இந்த மாதம் நான்கு நாள் உங்கள் பெயரை எடுக்காமல் இருந்தார். முன்னேற்றம்தான்.

ஜெயலக்ஷ்மி


ஆம்பூர்
27.9.2005

எத்திராஜுக்கு,

நேற்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூர் மர்பி டவுனிலிருந்து கோவிந்தப்பா என்று ஒரு பெரியவர். தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவராம். அவர் எழுதியிருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"மேடம் அவர்களுக்கு வணக்கம். எம் பையன் ரவிக்குமாரு மஸ்கட்ல கீறான். அவன் அம்மா செத்தப்ப வரலைன்னு ரெண்டு வருசமா நானு பேசறதில்ல. போன் வந்தா எடுக்கறதில்ல. அவன் உட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல ஒரு ஆட்டம் இருந்தது. கோட்டை கட்ற ஆட்டம். உங்க கம்பெனி மூலியமா ரெண்டு பேரும் ஆடுவோம். பேச்சு இல்ல. நானு ஒரு செவுரு கட்டுவேன், அவன் ஒரு செவுரு கட்டுவான். தெனம் சாயங்காலம் ஏழு மணி. எட்டாம் தேதி பாக்குறேன், கோட்டை இல்ல. வெறுந்தரை. அவன்தான் கோவத்துல இடிச்சிட்டான்னு நெனச்சேன். அதுலருந்து அவனும் வரல. ஒருவேளை நானு இடிச்சேன்னு அவன் நெனச்சானோ என்னவோ. உங்க ஆபீசுல கேட்டதுக்கு, டெக்னிக்கல் மேடம் லீவுல ஊருக்குப் போய்ட்டாங்க, அவங்களுக்குத்தான் தெரியும்னு இந்த அட்ரஸ் குடுத்தாங்க. யாரு இடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

இதைப் படித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஜோராக இருக்கும் உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். 'ஜெயலக்ஷ்மி, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, ஆறு வருட அனுபவம்.' படமும் இருக்கிறது. நம் கல்யாண போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். அதிகாரி கழுத்தில் மாலையும் நெற்றியில் சுட்டியுமாக நிற்கிறாள். தோளோரத்தில் உங்கள் பட்டுச்சட்டை ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகிறது. சென்டர்காரர், "மேடம், இது நீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

என்ன நடந்தது என்று நான் ஊகித்துக்கொண்டேன். டிஸ்க்கில் இடம் உண்டாக்க உங்களில் யாரோ ஒருவர் அழித்திருக்கிறார். நகல் கிடையாது. பிறகு பழியைத் தூக்கி, ஆம்பூரில் மூன்று வயசுக் குழந்தையோடு இருக்கும் ஒருத்தியின் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சந்தேகங்களுக்குப் பதில் எழுதிய நாட்களில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது.

மர்பி டவுனுக்கு நீங்களே போங்கள். ரகுவை அனுப்பாதீர்கள். அந்தப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, "நாங்கள்தான் அழித்தோம், உங்கள் மகன் இல்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். அதற்கு எந்த அனுபவமும் தேவையில்லை.

ஜெயலக்ஷ்மி


விவேக் நகர்
5.10.2005

அன்புள்ள ஜெயா,

நீ சொன்னாய், நான் போனேன். இதையாவது நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது இதுதான். ரகு எதையோ அழித்துவிட்டான். நகல் எடுக்க வேண்டும் என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டுதான் இருந்தோம். உன் பெயரைப் போட்டது தப்புதான். ஆனால் உன் பெயர் இருந்தால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். பெருமையாக எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

கோவிந்தப்பா தங்கமான மனிதர். போனதுமே காப்பி கொடுத்தார். நான் நயமாக ஆரம்பித்தேன். "சார், கம்ப்யூட்டர்னா சில சமயம் இப்படி ஆகும். இது யார் தப்பும் இல்லை." அவர், "அப்ப எம் பையன் இடிக்கலியா?" என்றார். "அதெல்லாம் இப்ப எதுக்கு சார், நடந்தது நடந்துபோச்சு. புதுசா இதைவிடப் பெரிய கோட்டையே கட்டலாம்" என்றேன். காப்பி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். மனசு இளகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

இப்போது நல்ல சமாச்சாரம் கேள். நம்முடைய 'ஆயுள் சந்தா' திட்டத்தில் முதல் உறுப்பினர் அவர்தான்! ஒரே தடவை கட்டினால் போதும், ஆயுசு முழுவதும் விளையாடலாம். ரிட்டையர்மென்ட் பணம் பாங்கில் சும்மா கிடக்கிறதாம். எழுந்து வரும்போது அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளரின் கோபத்தை நட்பாக மாற்றுவதுதான் வியாபாரம் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு நீயும் மகாவும் இங்கே வந்துவிடுங்கள். பழையதை மறப்போம். உன்னை உண்மையிலேயே தொழில்நுட்ப அதிகாரி ஆக்கிவிடுகிறேன். ரகுவும் சம்மதித்துவிட்டான்.

உன் எத்திராஜ்


ஆம்பூர்
18.10.2005

எத்திராஜுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வந்திருந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து நேரே மர்பி டவுனுக்குப் போனேன்.

கோவிந்தப்பா என்னைப் பார்த்ததும், "போட்டோவுல பாத்த மேடமா?" என்றார். "ஆமாம், ஆனா நான் அங்க வேலை செய்யலை" என்றேன். நீங்கள் சொல்லாத வாக்கியத்தைச் சொன்னேன். "கோட்டையை அழிச்சது கம்பெனி, உங்க பிள்ளை இல்லை." அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, "அன்னிக்கி அவரு நல்லாத்தாம்மா பேசுனாரு. பேசி முடிக்கறப்ப நான்தான் அவருகிட்ட மன்னிப்பு கேட்டுனு இருந்தேன். எப்படின்னே தெரியல" என்றார். அவர் உங்கள் கையைப் பிடித்தது அதற்காக. உங்களுக்கு அது நட்பாகத் தெரிந்திருக்கிறது.

அவர் வீட்டு போனிலிருந்தே மஸ்கட்டுக்கு அடித்தோம். முதலில் நான் பேசினேன். ரவிக்குமார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "நான் பண்ணலைன்னு அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ரிசீவரைக் கோவிந்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "டேய், அங்க சாப்பாடெல்லாம் எப்படிடா?" என்றார். நான் வெளியே வந்து தெருக் குழாயடியில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து இருபது நிமிஷம் பேச்சுக் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அழுகையும் கேட்டது.

அவர் பணத்தை நீங்கள் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அதைக் கேட்டு ஒரு வக்கீல் கடிதம் வரும், விவரங்களை எழுதி வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதே கடிதத்தில் என் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கிறது.

சாயங்காலம் ரயிலுக்கு நேரம் இருந்தது. விவேக் நகர் பஸ் ஒன்று எதிரிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறி வந்து உங்கள் முகத்துக்கு நேரே சண்டை போடலாமா என்று யோசித்தேன். வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அந்தக் கோபம் இருந்தவரை, என்றாவது ஒரு நாள் திரும்பி வருவேன் என்றும் இருந்தேன். பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. நீங்கள் பெரியவரைத் தெரிந்தே ஏமாற்றியிருந்தால்கூட வந்திருக்கும். ஏமாற்றுகிறோம் என்றே தெரியாமல் சந்தோஷமாக வீடு திரும்பி, எனக்கும் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவரோடு எதைப் பேசிச் சண்டை போடுவது?

சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பரில் சேருகிறேன். மகாவும் அம்மாவும் என்னோடு வருகிறார்கள். சென்னை விலாசத்தை அனுப்புகிறேன், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து மகாவைப் பாருங்கள். தடுக்க மாட்டேன். ஆனால் செய்ய முடியாத எதையும் அவளிடம் செய்வதாகச் சொல்லாதீர்கள். அவள் சின்னவள், நம்பிவிடுவாள்.

இனி உங்கள் சந்தேகங்களை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயலக்ஷ்மி