முள்ளெலிக்கு வழி விட்ட வேலி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் வேலியை வெட்டிவிட்டோம். கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

முள்ளெலிகளுக்காகத்தான். இந்த நாட்டில் அவை அழிந்துகொண்டு வருகின்றன. இரை தேடித் தோட்டம் தோட்டமாக நடக்கிற சீவன்; வீட்டுக்கு வீடு அடியோடு அடைத்து வைத்தால் எங்கே போகும்? எங்கள் தெருக்கோடிச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. மறுகோடியில் காய்கறித் தோட்டங்கள். இடையில் பதினான்கு வீடுகள். எல்லோரும் சேர்ந்து, வேலிக்கு வேலி ஐந்து அங்குல வழி விடுவதென்று திட்டம் போட்டோம். கூட்டம் கூட்டியது உங்கள் மகள்தான். பதின்மூன்று வீடு ஓம் என்றது. நட்டநடுவில் நிற்கிற எங்கள் வீடு மாட்டேன் என்றது.

"அப்பா போட்ட வேலியில ஒருத்தரும் கை வைக்கேலாது" என்றார் அம்மா.

அவரை எப்படிக் குறை சொல்வது? அந்த வேலியால் நீங்களும் பக்கத்து வீட்டு டெரிக்கும் ஆறு வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை. நீங்கள் ஓரடி தன் நிலத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்றார் அவர். நீங்கள் விடுகிற ஆளா? உங்கள் கணக்குச் சரியென்று காட்டத் தெரு முழுவதையும் அளந்தீர்கள். அடியில் சீமெந்துப் பலகை வைத்து, எறும்பு போகவும் இடமில்லாமல் அடைத்தீர்கள். லண்டன் எட்மண்டனுக்கு வந்தும் யாழ்ப்பாணத்து வேலிச்சண்டையை விடாத மனிசன் என்று நான் பகிடி பண்ணினேன். அம்மாவுக்கோ அது நீங்கள் கையால் செய்த கடைசி வேலை. நாங்கள் விடாவிட்டால் திட்டம் இரண்டு துண்டு.

கடைசிக் கூட்டம் எங்கள் வீட்டு ஹோலில். வனவிலங்கு அமைப்பிலிருந்து வந்த பிள்ளை, மேலிருந்து எடுத்த படமொன்றை மேசையில் விரித்தாள். பாதி இடத்தை மரம் மறைத்திருந்தது. எங்கே மதில், எங்கே பலகை, எங்கே சீமெந்து? தங்கள் பின்வேலியே ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ரோல்ஸ் தட்டோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது பிழை. பதினோராம் வீட்டுக்குப் பின்னால மதில். பலகை இல்லை."

"உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?"

"அவர் அளக்கேக்க டேப்பின்ர மற்ற நுனியைப் பிடிச்சது ஆர்?"

மேலே போனவர் உங்கள் நீலக் கோப்போடு வந்தார். அப்பா, எனக்குத் தெரியாமல் போயிற்றே! பதினான்கு தோட்டம், ஒவ்வொரு வேலி, ஒவ்வொரு மதில், அங்குலக் கணக்கில், உங்கள் குண்டு எழுத்தில். அம்மா தமிழில் வாசிக்க, நான் இங்கிலீஷில் சொல்ல, அந்தப் பிள்ளை குறித்தாள். மாதக்கணக்காக இழுபட்ட வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. நான் பெருமையில் உப்பிப்போய் நின்றேன்.

டெரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டு அளவை இரண்டுதரம் கூட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "அவர் அளந்தது சரி. நான்தான் பிழை" என்றார். ஆறு வருஷம் நீங்கள் காத்திருந்த சொல். கேட்க நீங்கள் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மொழிபெயர்க்க முதலே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"ரோல்ஸ் ஆறுது, சாப்பிடச் சொல்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கட வேலியில எவ்விடம் வெட்டுறதெண்டு நான் காட்டுறன். ஆனா படத்துக்குக் கீழ அவரின்ர பேர் வரவேணும்."

சனிக்கிழமை டெரிக் சீமெந்து வெட்டும் மெஷினோடு வந்தார். அம்மா உங்கள் டேப்பால் அளந்து சோக்கால் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் போக விடவில்லை.

அடுத்த கிழமை, வெட்டிய வழியருகே வைத்த கமெராவில் பதிந்ததைக் காலையில் பார்த்துவிட்டு அம்மா கத்தினார்: "பிள்ளை, ஓடி வா! வந்திட்டார்!" ஒரு குண்டன் வழியில் நின்று மோப்பம் பிடித்துவிட்டு, சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்தார். எந்தக் காணி உறுதிப் பத்திரத்தில் இவருக்கு வழி எழுதியிருக்கிறது என்று கேட்பீர்கள். தெருத் திட்டத்தின் படத்தில், அப்பா. கீழே 'வரைந்தவர்' என்று உங்கள் பெயர் இருக்கிறது.

பக்கத்துத் தெருவிலும் இப்போது கேட்கிறார்கள். எங்கள் வேலி ஓர் அங்குலமும் நகராது, அந்த வழியை ஒருவரும் அடைக்கவும் விடமாட்டேன். வருகிற ஞாயிறு உங்கள் டேப்போடு அடுத்த தெருவுக்குப் போகிறோம். மற்ற நுனியை அம்மாதான் பிடிப்பாராம்.

டேப்பின் இந்த நுனியிலிருந்து,
உங்கள் மூத்த மகள்
சுகந்தி