இருபத்தைந்து அடிக்கு மேலே

மாப்ள,

இன்று காலை எங்கள் தெருவில் மின்கம்பியை உரசிக்கொண்டிருந்த தென்னை ஓலைகளைக் கழித்துப் போட்டார்கள். வெட்டிய மட்டையின் பச்சை வாசம் ஜன்னல் வழியாக வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் போனேன். என்ன தேடுகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். செத்துப்போன சிநேகிதனை என்று எப்படிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்தோம். பம்பை மாட்டி, தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கவைத்து, மீட்டரைப் பார்த்துத் தேறியது தேறாதது சொல்கிற வேலை. மேலே நிற்கும் பம்ப் கீழிருந்து உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. இருபத்தைந்து அடிக்கு மேல் போனால் எப்பேர்ப்பட்ட மோட்டாரும் கையை விரித்துவிடும். நமக்கு அது பாலபாடம். அப்படியிருக்க, ஒருநாள் டீக்கடை வாசலில் நின்று எதிரே இருந்த தென்னையை அண்ணாந்து பார்த்த நீ, டீயைக் குடிக்காமலே கேட்டாய்: "ஏண்டா மாப்ள, அது அம்பதடி இருக்குமாட்ட. மோட்டாரே இல்லாம எப்புடித் தண்ணி ஏத்துது?"

டீ ஆறுகிறது என்றேன். அதற்குமேல் எனக்கு அக்கறையில்லை. உனக்கோ அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வேர்தான் கீழிருந்து தள்ளுகிறது என்று ஒரு வாரம் சாதித்தாய். உறிஞ்ச முடியாத ஆழத்தில் பம்பையே கீழே இறக்கித் தள்ளவைப்பதுதானே நம் தொழில். புத்தி வேறு எப்படிப் போகும்? கடைசியில் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த உன் மாமா மகளைக் கேள்வி கேட்டே அழவைத்துவிட்டு, அவள் சொன்னதை ஷிப்ட் முழுக்க என்னிடம் ஒப்பித்தாய். தள்ளுவது பெரிய விஷயமே இல்லையாம். ஓலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றனவாம். வெயிலில் அவற்றின் வழியே நீர் ஆவியாகப் போகப் போக, பின்னால் இருக்கிற நீர் மேலே இழுபடுகிறதாம். மயிரைவிட மெல்லிய குழாய்களுக்குள் நீர் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு, உச்சியிலிருந்து வேர்வரை அறுபடாத கயிறாக நிற்கிறதாம். அதே துளைகள் வழியாகத்தான் காற்றும் உள்ளே போகிறது. அந்தக் காற்றையும் நீரையும் வைத்து, வெயிலை அடுப்பாக்கி, ஓலை சர்க்கரை சமைக்கிறது.

அந்தக் கயிற்றில் காற்றுப் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நானும் டெஸ்டிங்காரன்தானே. பம்பில் காற்றுப் பிடித்தால் அது வெறுமனே சுற்றும். தண்ணீர் ஊற்றி நிரப்பி, பிரைமிங் செய்து மறுபடியும் கிளப்புவோம். உன் முகம் மாறிவிட்டது. மற்ற மரங்கள் வருஷா வருஷம் புதுக் குழாய் போட்டுக்கொள்ளும், தென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஆரம்பத்தில் அமைந்த குழாய்களோடுதான் கடைசிவரை காலம் தள்ளவேண்டும் என்றாய். "மரத்துக்கு ஏர் புடிச்சுப்போட்டா ஆரு வந்து பிரைமிங் பண்றது?" என்றும் கேட்டாய். நான் சிரித்தேன்.

அது சிரிப்புக்குச் சொன்னதல்ல என்பது அன்னூர்ப் பக்கம் உன் தோட்டத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. மழை ஏமாற்றிய வருஷம். கிணற்றில் சேறுதான் மிச்சம். உன் அப்பா வைத்துவிட்டுப் போன தென்னைகள் ஓலையைத் தொங்கப்போட்டு நின்றன. பூமியை வீட்டுமனைகளாகப் பிரித்து, சைட் போட்டு விற்றுவிடலாம் என்பது உன் அண்ணனின் கட்சி. மரங்களை விட்டு வரமாட்டேன் என்று அம்மா. அம்மா பக்கம் நீ. ஐப்பசிக்குள் மரங்கள் பட்டுப்போனால் நீயும் மறுபேச்சில்லாமல் சம்மதிக்கவேண்டும் என்று பேச்சாகியிருந்தது.

நீ மரமேறியைக் கூட்டிவந்து, ஒவ்வொரு மரத்திலும் அடி ஓலைகளைக் கழிக்கச் சொன்னாய். சாகக் கிடக்கிறவனுக்குக் கஞ்சி ஊற்றாமல் கையை வெட்டுகிறானே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நீ பதறாமல் சொன்னாய்: "ஓலைதானுங்கண்ணா மோட்டாரு. எல்லாம் ஓடுனா கயிறு அறுந்து போயிருமுங்க. கொஞ்சத்த நிறுத்திப் பாக்கறேன்."

பதற்றத்தையெல்லாம் ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு மிச்சம் வைத்திருந்தாய். மோட்டாரும் ஓலைதான், அடுப்பும் ஓலைதான். அதிகம் கழித்திருந்தால் சமையல் நின்றுவிடும் என்றாய். சமையல் நின்றாலும் சாப்பாட்டுச் செலவு நிற்காது. மரமும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்துத்தான் உயிரைப் பிடித்திருக்கிறது. தண்டுக்குள் இருப்பு எவ்வளவு என்று பார்க்க மீட்டர் கிடையாது. காந்திபுரம் வரும்வரை ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தாய். உன்னைப் பார்த்து நானும் தட்டினேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனோம். உரித்த தேங்காய் மட்டைகளை ஈரம் காக்க மரத்தைச் சுற்றிப் புதைத்தோம், குடம் குடமாக ஊற்றினோம், வானத்தைத் திட்டினோம். ஐப்பசியில் ஒருவழியாக மழை இறங்கியது. இரண்டு மரங்களின் உச்சி சாய்ந்துபோனது. மற்றவை குருத்து விட்டன. மரம் பிழைத்துவிட்டது என்று நான் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் காய் இல்லை. வந்த பாளைகள் சிறுத்து வந்தன, குரும்பைகள் பிஞ்சிலேயே உதிர்ந்தன. அடுத்த வருஷமும் அதே கதை. மழை பெய்தும் காய்க்காத மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். எனக்கே பொறுமை போய், விற்றுத் தொலைத்துவிடேன் என்றேன். இன்று வெடிக்கிற பாளை இரண்டு வருஷத்துக்கு முன்பே குருத்துக்குள் கருவாகிவிடும், அன்று பட்ட தாகத்தை மரம் இப்போதுதான் காட்டுகிறது என்றாய். சுவிட்சைப் போட்ட நொடியில் முள் நகர்ந்தாகவேண்டும் எனக்கு. இது என்ன எழவு மிஷின் என்று எரிந்து விழுந்தேன்.

அந்த இழுபறியில்தான் மஞ்சள் காமாலை வந்து உன்னைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்துகொண்டு, குரும்பை நிற்கிறதா என்று கேட்டாய். அன்று காலைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நிற்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "நிக்கும் மாப்ள, அதுக்கு நேரமாகும்" என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

உன் சாவு வீட்டில் நான் அழவில்லை. பந்தலுக்கு ஓடினேன், நாற்காலிக்கு ஓடினேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கூடவே திரிந்தவன் கண்கூடக் கலங்கவில்லையே என்று நாலுபேர் பேசியது என் காதிலும் விழுந்தது. எனக்கே என்மேல் சந்தேகம்தான். டெஸ்டிங்கில் உன் இடத்தில் வேறொருவன் வந்து நின்றபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வருஷத் திதிக்கு வந்து, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

திதி கழிந்து சில மாதங்களுக்குப் பிறகு உன் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தார். தலையில் ஒரு சாக்கு. மரமெல்லாம் குலை தள்ளி நிற்கிறது, பெரியவன் இனி விற்கிற பேச்சை எடுக்கமாட்டேன் என்கிறான் என்று சொல்லிக்கொண்டே தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கை சும்மா இராமல் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே தண்ணீர் குலுங்கியது. யாரும் தள்ளாமல் அவ்வளவு உயரம் ஏறிய தண்ணீர். அதைப் பார்க்கவேண்டியவன் நீ. கீழே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஓர் அழுகை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

அம்மா தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார்.

"அழுவு கண்ணு. உனக்கு இப்பத்தான் வருது."

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை மாப்ள. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் இன்றைக்கும் நடந்தே போய்விடுகிற ஆள்தான். ஆனால் சாவு வீடுகளில், எல்லோரும் கதறும்போது ஒருவர் மட்டும் வறண்ட கண்ணோடு சேர் எடுத்துப் போட்டுக்கொண்டு திரிவார். ஊர் அவரைக் கல்நெஞ்சு என்னும். அவரிடம் நான் ஒன்றும் கேட்பதில்லை. அவர் பக்கத்தில் போய், என்னால் முடிந்தவரை அசையாமல் நிற்கிறேன்.