விளக்கு வைக்கிற நேரத்துக் கால்கள்

நவம்பர் 3, திங்கள்

மன்னிச்சுக்கோ, நைனா. பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு பெண் இப்படி எழுதி வைக்கக் கூடாதுதான். யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மா விளக்கு ஏற்றியதும் நைனா இன்றைக்கும் துண்டை உதறிக் கிளம்பிவிட்டார். "மடை பாத்துட்டு வரேன்." மடையைக் காலையிலேயே அடைத்தாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது நானே பார்த்தேன்.

ஏரிக்கரை ஓரம் கன்னியம்மா வீடு இருக்கிறது. புருஷன் இல்லாதவள். அம்மா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள். "கரைப்பக்கம்" என்பாள்.

நவம்பர் 6, வியாழன்

கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் மறுபடியும் அந்தக் குடைச்சல். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி. வலி இல்லை. ஆட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். லேபில் என்னோடு கம்பித் துண்டுகளைச் சோதிக்கிற பூமிகா பக்கத்தில். "இன்னாடி, தையல் மிஷின் ஓட்டுறியா? கவரைப்பேட்டைல எறங்கி நடந்தே ஊட்டுக்குப் போ!" பஸ்ஸே சிரித்தது.

வீட்டிலும் நிற்கவில்லை. "வெளக்கு வச்ச நேரத்துல கால ஆட்டாத, திலகா. மகாலட்சுமி உள்ள வர்ற நேரம். ஊட்டுக்கு ஆவாது" என்றாள் அம்மா. காலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். நரகம்.

நவம்பர் 11, செவ்வாய்

நைனா திரும்பி வந்தார். கால் சுத்தமாகக் கழுவியிருக்கிறது. வேட்டி நுனி ஈரம். எங்கே கழுவினார்? யார் வீட்டுத் தண்ணீர்?

நவம்பர் 15, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். "உக்காந்தா வருது, நடந்தா போயிடுது, சாயங்காலம் ஜாஸ்தி. அப்படித்தானே?" நான் சொல்லாததெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? பூமிகா போன் செய்தாளோ என்றுகூட நினைத்தேன். ரத்தத்தில் இரும்புச்சத்து பார்க்க எழுதிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? அப்பா, அம்மா? இது நிறைய குடும்பங்கள்ல வழிவழியா வரும்."

"இல்ல மேடம்." யோசிக்காமல் சொன்னேன். ஏன் அவ்வளவு அவசரம்?

நவம்பர் 16, ஞாயிறு

இந்தக் கால் குடைச்சலைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். இன்ன மரபணுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாதாம். பல மரபணுக்கள் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவை இருந்தும் வராமல் போகலாம். சின்ன வயதிலேயே வந்துவிட்டால், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

யாருக்கு? அம்மா உட்கார்ந்தால் கல். நைனா — சாயங்காலத்தில் நைனா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே. கல்யாண வீட்டில்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்பு விழா முழுக்க அவர் கதவோரம் நின்றார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஆனால் மரபணு நல்ல சாக்காயிற்றே. கால் அவரிடமிருந்து வந்ததென்றால் கரைப்பக்கம் போவதும் சரியாகிவிடுமா?

நவம்பர் 22, சனி

அம்மா பை கட்டிவிட்டாள். "கார்த்திகை தீபம் முடிஞ்சதும் வேப்பம்பட்டுக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். இன்னும் எத்தினி நாளு வெளக்க ஏத்திக்கினு தனியா ஒக்காந்திருக்கறது? நீ படிச்சவதானே, பின்னாடியே போய்ப் பாரு. பாத்துட்டு வந்து பொய் மட்டும் சொல்லாத."

நவம்பர் 23, ஞாயிறு

போனேன். அப்பாவை வேவு பார்க்கிற மகள்.

நைனா கன்னியம்மா வீட்டு வாசலைக் கடந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்வாயில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தார். ஏறி நடந்தார். மறுபடி இறங்கினார்.

என்னைப் பார்த்துவிட்டு நடிக்கிறாரா? ஆனால் அந்தத் தேய்ப்பு — பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டு நான் தேய்ப்பது அச்சு அசல் அப்படித்தான்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பன் பக்கம் சேந்துக்கினியா?" என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

இரும்புச்சத்து குறைவு. மாத்திரை. "எங்க நைனாவுக்கும் இருக்கு மேடம்" என்று திருத்திச் சொன்னேன். அவரையும் கூட்டி வரச் சொன்னார்.

இன்னும் ஒருவரிடம் ஒன்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். பேய் மழை. வாசலில் வைக்க வேண்டிய அகல்களை அம்மா கூடத்திலேயே வைத்தாள். வெளியே போக வழியில்லாமல் நைனா சுவரோரம் உட்கார்ந்தார். முதலில் கட்டைவிரல். பிறகு பாதம். தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் காலும் ஆரம்பித்துவிட்டது.

அம்மா எங்கள் இரண்டு பேர் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? எப்பத்துலேர்ந்து?"

"கண்ணாலத்துக்கு மின்னாடியே. நீ வந்த மொத வாரமே ஊட்டுக்கு ஆவாதுன்னியே. அதான் வெளிய போய் ஆட்டிட்டு வர்றது."

"அத வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"காலு நம்ம பேச்சக் கேக்கலன்னு பொண்டாட்டிகிட்ட எப்டி சொல்றது?"

பை மூலையில் கட்டியபடியே இருந்தது. மழை கொஞ்சம் விட்டதும் நைனா பழக்கத்தில் துண்டை எடுத்தார். இத்தனை நாள் நாக்கு வரை வந்து திரும்பிப் போனதைக் கேட்டேவிட்டேன்:

"அம்மா, வெளக்கு எரியும்போதே நாங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ளயே கால ஆட்டிக்கறோம்மா. மகாலட்சுமிகிட்ட நீதான் சொல்லணும்."