கயோவின் அம்மா

மாண்ட்ரியல்
4 நவம்பர் 2001

அன்புள்ள பிரியம்வதா,

உன் கடிதமும் படங்களும் வந்தன. உன் பெண் கயல் நன்றாக வளர்ந்துவிட்டாள். நான் கடைசியாகப் பார்த்தபோது சென்னையில் உன் அக்கா வீட்டில் யாரோடும் பேசாமல் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணா மேடையில் ஆடுகிறாள் என்று நம்ப முடியவில்லை.

ஏழு பெண்கள் கொண்ட பாட்டுக் குழு, கம்பெனி விடுதியில் தங்கல், பள்ளிக்கூடம் பாதி நாள். பாட்டு அவ்வளவு முக்கியமில்லை, இந்தப் பெண்கள் வளர்வதைப் பார்க்கத்தான் ரசிகர்கள் வருகிறார்கள் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார். அவளுக்குப் பதினான்கு வயது.

பெயரைக் கயோ என்று மாற்றியதுகூடப் போகட்டும். நிறத்துக்குக் காரணம் சொல்ல அப்பா ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவாக்காரர் என்று போடுவார்கள், அம்மாவைப் பற்றி எதுவும் போட மாட்டார்கள், வீட்டார் வெளியில் தலைகாட்டக்கூடாது. இதற்கெல்லாம் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பெற்ற அப்பா டகேஷி எப்படிச் சம்மதித்தார்?

வேண்டாம், பிரியா. படிக்கட்டும். கல்லூரி விடுதியிலிருந்தே நான் எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்கிறவள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இதையும் சொல்லிவைக்கிறேன்.

இங்கே முதல் பனி விழுந்து, கரைந்து, சேறாகக் கிடக்கிறது. வகுப்புகள் வழக்கம்போல.

அன்புடன்,
கிரிஜா


யோகோஹாமா
20 ஏப்ரல் 2003

என் அருமைச் சந்தேகப் பேயே,

உன் கடிதங்களை நான் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்து, டகேஷிக்கு மொழிபெயர்த்தும் சொல்கிறேன். "கனடா அத்தை இந்தத் தடவையும் வேண்டாம் என்கிறாள்" என்றால் கயல்கூடச் சிரிப்பாள். சிரிப்பாள் என்று எழுதுகிறேனே, அவள் வீட்டுக்கு வந்தே இரண்டு மாதமாகிறது.

ஆனால் அவளைப் பார்த்தேன்! எப்படி என்று கேள். இங்கே சிடி வாங்கினால் உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதைக் கொண்டுபோனால் அந்தப் பெண்களோடு கைகுலுக்கலாம். நான் தொப்பியும், இங்கே சளிக்குப் போடும் முகமூடியும் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு அலுவலகக்காரர், பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள். "ஆன்ட்டி, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டான் ஒருவன். "கயோ" என்றேன். "அவள் நடுவில் நிற்க மாட்டாளே, ஓரத்தில்தானே ஆடுவாள்" என்றான் தடியன். அவனை அடித்திருப்பேன்.

என் முறை வந்தது. அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். என்னைத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் இமைகூட அசையவில்லை. "எப்போதும் தரும் ஆதரவுக்கு நன்றி" என்று எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னாள். நானும் வாய் திறக்கவில்லை. கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. பக்கத்தில் நின்ற கம்பெனி ஆள் என் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டான்.

ரயிலில் வரும்போது அழுதேன். சந்தோஷம்தான், கிரி. இந்த வயதில் எவ்வளவு கட்டுப்பாடு அவளுக்கு!

உன்,
பிரியா


மாண்ட்ரியல்
15 ஜூன் 2005

அன்புள்ள பிரியா,

நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. அட்டையில் கயல். அழகாக இருக்கிறாள், அதில் சந்தேகமில்லை. அவள் குழுவிலிருந்து விலகுவதைப் பட்டமளிப்பு விழா என்று கொண்டாடுகிறார்கள் என எழுதியிருந்தாய். எங்கள் பல்கலைக்கழகத்திலும் இந்த மாதம் பட்டமளிப்புதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு காகிதமாவது கிடைக்கிறது.

என்னிடம் படிக்கும் ஒரு ஜப்பானிய மாணவியிடம் கொடுத்து உள்ளே இருந்த பேட்டியைப் படிக்கச் சொன்னேன். கயலுடைய பாட்டி ஸ்பெயின் தேசத்தவர், அதனால்தான் இந்தக் கண்கள் என்று போட்டிருக்கிறதாமே? முதலில் ஒக்கினாவா, இப்போது ஸ்பெயின். இது உனக்குத் தெரியுமா? கயல் தன் வாயால் சொன்னாளா, அவர்களே எழுதிக்கொண்டார்களா?

நான் கோபமாக எழுதவில்லை. கேட்கிறேன்.

கிரிஜா


யோகோஹாமா
2 டிசம்பர் 2007

அன்புள்ள கிரி,

தனிப் பாடகியாகக் கயல் வெளியிட்ட முதல் சிடியை அனுப்பியபோது நீ ஒரு தபாலட்டையில் "கேட்டேன்" என்று மட்டும் எழுதினாய். வேறு யாராக இருந்தாலும் பொய்யாவது சொல்லியிருப்பார்கள். குரல் மெலிசு என்பது எனக்கும் தெரியும். பயிற்சியில் சரியாகிவிடும் என்றார்கள்.

இரண்டாவது சிடி விற்கவில்லை. மாடலிங்கும் குறைந்துவிட்டது, இருபது வயதிலேயே. போன ஞாயிறு ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில் பாடினாள். இங்கே அப்படி ஒரு வழக்கம். குழந்தைகள் விளையாட ஒரு பக்கம் ராட்டினம், மறு பக்கம் மேடை. மழை பிடித்துக்கொண்டது. வந்திருந்த கொஞ்சம் பேரும் குடையோடு கீழே இறங்கிவிட்டார்கள். அவள் பாடி முடித்தாள். பின்னணி இசை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தக்கூடாதாம். நான் லிஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தேன். போய்க் குடை பிடித்திருக்கலாம். அங்கே கம்பெனி ஆட்கள் இருந்தார்கள்.

தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. "நன்றாக இருக்கிறேன்" என்று எப்போதாவது போனில் ஒரு வரிச் செய்தி வரும். அதற்கு நான் பெரிதாகப் பதில் அனுப்புவேன். அதோடு சரி.

உன்,
பிரியா


யோகோஹாமா
11 செப்டம்பர் 2008

கிரி,

கயலைக் காணவில்லை. ஜூலையில் கம்பெனி ஒப்பந்தம் முடிந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலை செய்துகொண்டே ஒரு வருடம் தங்கும் விசாவில் கனடாவுக்குப் போயிருக்கிறாளாம். விசா எடுத்தது டகேஷிக்குத் தெரியும். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாளாம், அவரும் வாயை மூடிக்கொண்டார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. உன் முகவரி என் மேசையில்தான் எப்போதும் கிடக்கும். அங்கே வந்திருந்தால் உடனே எழுது. போனிலேயே சொல். பிள்ளையைக் கண்ணால் பார்த்தால் போதும்.

பிரியா


மாண்ட்ரியல்
6 அக்டோபர் 2008

அன்புள்ள பிரியா,

இங்கேதான் இருக்கிறாள். பதறாதே.

போன மாதக் கடைசியில், மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் நேரத்தில், என் அறைக்கு ஒரு பெண் வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். எங்கள் மாணவி என்று நினைத்து, பிரெஞ்சா ஆங்கிலமா என்று கேட்டேன். "தமிழ்" என்றாள். "நான் கயல், அத்தை."

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத வேண்டாம் என்றாள். உயிரோடு இருப்பதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்று நானும் விடவில்லை. இப்போதுதான் சம்மதித்தாள். வீட்டு முகவரியை மட்டும் சொல்லக்கூடாதாம். அதற்கு ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் கூப்பிடாததும் அதனால்தான். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

என்னோடு தங்கவில்லை. அவளாகக் கேட்டு, நான் விசாரித்துக் கொடுத்த இடம். ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டுக் கீழ்த்தளம். போய்ப் பார்த்தேன். "பிள்ளை ஓம் எண்டுறா, இல்லை எண்டுறா, வேற கதை இல்லை. ஆனா சோறு வடிவாச் சாப்பிடுறா. யார் பெத்த பிள்ளையோ, மெலிஞ்சு போச்சு" என்றார் அந்த அம்மா. ஒரு பேக்கரியில் காலையில் வேலை. மாவு பிசைவதில்லை, தட்டு கழுவுகிறாள். யாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொன்னாள். அதைச் சொன்னபோதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இருமல் இருந்தது, இப்போது இல்லை. குளிருக்கு நல்ல கோட்டு வாங்கியாயிற்று.

கிரிஜா


யோகோஹாமா
28 அக்டோபர் 2008

கிரிஜா,

என் பெண் இருக்கும் இடத்தை என்னிடம் மறைக்க நீ யார்? அவளுக்கு அம்மா நீயா, நானா? ஒரு குழந்தையை வளர்த்திருந்தால் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதக் கை வந்திருக்காது.

தட்டு கழுவுகிறாளாம், அதை நீ நல்ல செய்தி மாதிரி எழுதுகிறாய். அவளுக்காக நான் பெயரை விட்டேன், முகத்தை விட்டேன். பள்ளிக்கூட விழாவுக்குக்கூட அம்மாவாகப் போகவில்லை. எல்லாம் அவள் மேலே வரட்டும் என்றுதானே?

டிசம்பர் ஆறாம் தேதி மாலை மாண்ட்ரியலில் இறங்குகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. முகவரியை எழுது. இல்லையென்றால் அவளையே விமான நிலையத்துக்கு அழைத்து வா. இதைத் தவிர இனி உன்னிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

பிரியம்வதா


மாண்ட்ரியல்
16 நவம்பர் 2008

அன்புள்ள பிரியா,

குழந்தை வளர்ப்பதைப் பற்றி நீ எழுதிய வரியைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

உன் கடிதத்தைக் கயலிடம் கொடுக்கவில்லை. தேதியை மட்டும் சொன்னேன். டவுன்டவுனில் ஒரு சூப் கடையில் உட்கார்ந்திருந்தோம். சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள். இதை உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வராது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நீ வரிசையில் நின்ற அன்று, தொப்பியைப் பார்த்தவுடனேயே அது நீ என்று தெரிந்துவிட்டதாம். "அம்மா என்னைக் கயல் என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன், அத்தை. கூப்பிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குப் போய்விடலாம். கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டாள்." அதற்குப் பிறகு உன்னிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லையாம். கோபம் இல்லை என்கிறாள். கோபம் இருந்தால் எனக்கு இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

ஏன் என்னிடம் வந்தாய் என்றும் கேட்டேன். எல்லோரும் சரி என்றபோது வேண்டாம் என்று சொன்னது நான் ஒருத்திதானாம். என் 'வேண்டாம்' பாசத்தில் வந்ததல்ல, அது என் சுபாவம் என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை" என்று சூப்பைக் குடித்தாள்.

நீ அவளை நேசிக்கவில்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இருபத்தொரு வயதில் முதன்முறையாக ஒரு விஷயத்தைத் தானாகத் தீர்மானித்திருக்கிறாள். அதை நான் உடைக்க மாட்டேன். முப்பது வருட நட்பு இதோடு போனாலும் மாட்டேன். இதை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

டிசம்பரில் இங்கே கடுங்குளிர். கம்பளிக் காலுறைகள் நிறையக் கொண்டு வா. என் வீட்டில் உனக்கு அறை தயாராக இருக்கும், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. ஆறாம் தேதி மாலை விமான நிலையத்துக்கு வருவேன். நான் மட்டும்தான் வருவேன்.

கிரிஜா