பாம்புத் தட்டில் ஒரு தவளைப் பங்காளி

காலையில் ஆய்வக அலமாரியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவுதான். இந்த நெடி அடித்தால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்தும் கெடுக்குதுக பாரு" என்பாய். வெளியே சாரல். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு யார் வருவார்கள்?

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இன்று அந்த ஜாடியை நான் இடம் மாற்றிவிட்டேன். எந்த ஜாடி என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேலகரத்தில் எங்கள் தோப்பில் அப்பா வாழைக்கன்று வைக்கக் குழி வெட்டியபோது மம்பட்டியில் அகப்பட்டது அது. ஒரு முழம் இருக்கும். வழுவழுப்பான உடம்பு, கால் கிடையாது, கண் இருப்பதே தெரியாது. குருட்டுப் பாம்பு என்பார் அப்பா. வாழை இலையில் பொதிந்து, "ஒன் பள்ளிக்கூடத்துக்கு ஆகும்லா" என்று கொடுத்தார். நீயும் நானும் தென்காசிப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியைகளாகச் சேர்ந்த புதிது. நானே ஜாடியில் போட்டு, 'குருட்டுப் பாம்பு, ஊர்வன' என்று எழுதி ஒட்டி, பாம்புகள் இருக்கும் தட்டில் வைத்தேன். அப்பா தந்தது என்ற பெருமை வேறு.

அந்த அரையாண்டுச் செய்முறைத் தேர்வில் ஜாடிகளை, ஒட்டிய தாளை மறைத்து, மேசையில் வரிசையாக வைத்தோம். பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். செல்வி என்ற பெண் மட்டும் அதை 'இருவாழ்வி, தவளைக்கு உறவு' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் சுழித்தேன். மத்தியானம் நீ அந்த விடைத்தாளையும் ஜாடியையும் என் சோற்றுப் பாத்திரத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாய்.

"ஏட்டி, பாம்புக்கு வயித்துல பட்ட பட்டையாச் செதில் இருக்கும்லா? இதுல எங்கன இருக்கு, காட்டு."

"கால் இல்ல, நீளமா இருக்கு. வேற என்ன வேணும்?"

நீ சிரித்தாய். "எங்க மாமா மூக்கும் ஒங்க சித்தப்பா மூக்கும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அதுக்காக அவுக பங்காளியாயிருவாகளா? ஒரு சாவு விழுந்தா யாருக்குத் தீட்டு, அதப் பாருட்டி."

எனக்குத் தெரியாததை நீ சொல்லவில்லை. நானும் எம்.எஸ்சி.தான். மீன் வழியில் வந்த ஒன்று நாலு காலோடு கரையேறியது; தவளையும் பல்லியும் குருவியும் மாடும் நாமும் அதன் வம்சம். முட்டைக்குள்ளேயே ஈரத்தைக் கட்டிவைக்கப் பழகியவை தண்ணீரை விட்டுத் தள்ளிப் போய்க் குடியேறின. தவளை வகையறா ஈரத்தை விடவில்லை. பல்லி வம்சத்தில் பாம்பு காலைத் தொலைத்தது. தவளைப் பங்காளிகளில் இந்தக் குருட்டு உயிர் தனியாகத் தொலைத்தது. அவ்வளவுதான் விஷயம். முதலைக்குப் பல்லியைவிடக் கோழிதான் நெருங்கிய சொந்தம் என்று வகுப்பில் அடித்துப் பேசுகிறவள் நான். என் ஜாடி என்றதும் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. செல்விக்கு மதிப்பெண்ணும் போடவில்லை.

"நான் தொட மாட்டேன். நீயே மாத்தி வையி" என்று எழுந்து போனாய்.

அப்புறம் ஒவ்வொரு சாரலுக்கும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நாம் வடை தின்னும்போது கேட்பாய்: "அந்த அனாத இன்னும் பாம்பு வீட்லதான் குடியிருக்கா?" நான் பேச்சை மாற்றுவேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் இலத்தூர்க் குளம் நிரம்பியதைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். அந்த வெட்கம் எனக்குப் போகாது.

இன்று வந்திருந்த பிள்ளைகளிடம் ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். "இத நான் இத்தன வருசமா பாம்புன்னு சொல்லியிருக்கேன். தப்பு."

"டீச்சருக்கும் தப்பு வருமா டீச்சர்?"

"வரும்ட்டி. வந்து பதினஞ்சு வருசம் அலமாரிலயே இருக்கும்."

பழைய தாளைச் சுரண்டிவிட்டுத் தவளைத் தட்டில் வைத்தேன். பிறகு செல்விக்குப் போன் போட்டேன். பண்பொழியில் வாக்கப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அன்றைக்கு அவள் எழுதியதுதான் சரி என்றேன்.

சிரித்தாள். "தெரியும் டீச்சர். ஒங்க கூட்டாளி டீச்சர் அன்னைக்கே என்னயக் கூப்ட்டுச் சொல்லிட்டாக. 'ஒரு நா அவளே ஒங்கிட்டச் சொல்லுவா. அதுவரைக்கும் நீ கேக்கப்படாது'ன்னாக."

போனை வைத்துவிட்டு அழுதேன். என்னைவிட நீ என்னை நம்பியிருக்கிறாய்.

இப்போது யாரைப் பார்த்தாலும், எதைப் பார்த்தாலும், தோற்றத்தை நம்பாமல் யாருக்குப் பங்காளி என்றுதான் கேட்கிறேன். அது நீ தந்த பழக்கம். நீ போன அன்று, நான் பங்காளி இல்லை, எனக்குத் தீட்டு இல்லை என்று உன் வீட்டில் சொன்னார்கள். மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டேன். ஆனால் வம்சத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் அந்தத் தவளையும் நீயும் நானும் ஒரே வீடு. நீ சொன்ன கணக்குதான். அந்தக் கணக்கில் எனக்குத் தீட்டு உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உனக்காகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.